லிங்காட்: ஈயம் உருக்கியதிலிருந்து குழம்பு வைத்தது வரை

கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பேயில் படகேறி லிங்காட் என்ற கடல்மீனைப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சமைத்த கதையை முழுசாக இங்கே எழுதிவைக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வார இறுதியானால் இந்தியக் கடைக்குப் போய், எப்போது உறையவைத்ததோ தெரியாத வஞ்சிரத்தை வாங்கிவருகிறோம். மலையைத் தாண்டினால் கடல். அந்தக் கடலின் பாறைகளில் குழம்புக்கும் வறுவலுக்கும் இவ்வளவு பொருத்தமான ஒரு மீன் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர் "ஒரு தடவை சாப்பிட்டேன், சதை மெத்தென்று இருந்தது, வாடை வேற" என்கிறார்கள். அது மீனின் குற்றமில்லை. பிடித்த பிறகு முதல் பத்து நிமிஷம் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் மீனைப் பற்றி. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் முழுக்க இது கிடைக்கும். நீளமான உடம்பு, பெரிய தலை, அதைவிடப் பெரிய வாய். பழுப்பும் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருப்பதால், பாறைமேல் படுத்திருந்தால் பாறையாகவே தெரியும். பக்கத்தில் வருகிற ராக்ஃபிஷ் (அதே பாறைகளில் வாழும் இன்னொரு வகை மீன்), கணவாய், ஆக்டோபஸ், நண்டு எதையும் விடாது. தன் உடம்பில் பாதி நீளமுள்ள மீனைக்கூட வாயில் கவ்விக்கொண்டிருக்கும். இதற்குக் காற்றுப்பை கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காற்றுப்பை இல்லாததால் அது நடுத்தண்ணீரில் மிதந்துகொண்டு திரிவதில்லை, தரையிலேயே கிடக்கிறது. அதனால் நம் தூண்டிலும் தரையை ஒட்டியே இருக்க வேண்டும். மேலே இழுத்து வந்தாலும் ராக்ஃபிஷ் மாதிரி வயிறு ஊதி, கண் பிதுங்கி மல்லாந்து போகாது. கடைசி வரை திரும்பத் திரும்பக் கீழே பாயும். விட்டுவிட்டாலும் நேராகத் தரைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும்.

சரி, தூண்டிலுக்கு வருகிறேன்.

பாறையை ஒட்டி மீன் பிடித்தால் ஈயம் மாட்டத்தான் செய்யும். நல்ல பாறைத்திட்டில் ஒரே நாளில் நாலைந்து ஜிக் தலைகள் (கொக்கி பதித்த ஈயக் குண்டுகள்) போய்விடும். ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்கினால், மாட்டிவிடுமோ என்ற பயத்தில் கை தானாகத் தூண்டிலைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அப்படித் தூக்கினால் லிங்காட் கிடைக்காது. அதனால் ஜிக் தலைகளை நானே வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஊற்றிக்கொள்கிறேன். 6 அவுன்ஸ் அச்சு ஒன்று, 8 அவுன்ஸ் அச்சு ஒன்று. அலுமினிய அச்சு, இரண்டு பாதி, நடுவில் கொக்கி படுக்கிற பள்ளம். 8/0 அளவு கொக்கி, தண்டு தடித்ததாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பியில் செய்ததை லிங்காட் நிமிர்த்திவிடும்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அந்த வெப்பத்திலேயே ஊற்றினால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பாது, தலையின்மேல் சுருக்கம் விழும். இன்னும் கொஞ்சம் சூடு ஏறவிட்டு, மேலே மிதக்கிற சாம்பல் நிற கசடைப் பழைய கரண்டியால் வழித்துவிட்டு ஊற்ற வேண்டும். அச்சும் சூடாக இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று ஊற்றல் அச்சைச் சூடாக்குவதற்கே போகும். அவற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டு உருக்கிக்கொள்ளலாம். அதற்கப்புறம் வருகிற தலைகள் பளபளவென்று வழுவழுப்பாக வரும். ஊற்றுவாயில் மிச்சமிருக்கும் ஈயக் குச்சியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, அரத்தால் ஒரு தேய்.

இரண்டு எச்சரிக்கை, இரண்டும் விளையாட்டில்லை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை நாலாபக்கமும் தெறிக்கவிடும். மழைத்தூறலில், ஈரமான அச்சில், ஈரக்கையோடு இந்த வேலை கூடவே கூடாது. முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். இரண்டாவது, ஈயம் நஞ்சு. திறந்தவெளியில், காற்று நமக்குப் பின்னாலிருந்து வீசும்படி நின்று, அதற்கான முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். இதற்கு எடுத்த பாத்திரம், கரண்டி, அடுப்பு எதுவும் திரும்பச் சமையலறைக்குள் வரக்கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் செய்யவே வேண்டாம், காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்.

வண்ணத்துக்குப் பவுடர் பெயிண்ட். தலையைச் சூடுகாட்டி, பவுடரில் முக்கி எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு பழைய டோஸ்டர் ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் இருபது நிமிஷம் தொங்கவிட்டால் பாறையில் உரசினாலும் எளிதில் உரியாது. வெள்ளையும், இருட்டில் ஒளிரும் இளம்பச்சையும் எனக்குப் போதும். அந்த ஆழத்தில் சிவப்பெல்லாம் வெறும் சாம்பலாகத்தான் தெரியும். வண்ணத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்வதைவிடக் கொக்கியின் கூர்மைக்கு நேரம் செலவழிக்கலாம். முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக இழுத்தால் வழுக்கக்கூடாது, கீறிக்கொண்டு நிற்க வேண்டும். லிங்காட்டின் வாய் முழுக்க எலும்பும் பல்லும். மொட்டைக் கொக்கி அதில் இறங்காது.

தலையில் எட்டு அங்குல ரப்பர் வால் ஒன்று. அதன்மேல் விரல் நீளக் கணவாய்த் துண்டு ஒன்றைக் குத்திவிட்டால் மணத்துக்கும் ஆச்சு. ஜிக்குக்கு ஓரடி மேலே சின்னதாக ஒரு ஷ்ரிம்ப் ஃப்ளை, அதாவது இறால் மாதிரி கட்டிய பொய்இரைக் கொக்கி. கலிஃபோர்னியாவில் லிங்காட்டுக்கும் ராக்ஃபிஷுக்கும் ஒருவருக்கு ஒரு தூண்டில், இரண்டு கொக்கிக்கு மேல் கூடாது என்பது விதி. ஜிக் ஒன்று, ஃப்ளை ஒன்று, கணக்கு சரி. அந்த ஃப்ளையில் அடிக்கடி ராக்ஃபிஷ் மாட்டும். மாட்டிய ராக்ஃபிஷ் துடிப்பதைப் பார்த்து லிங்காட் வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரீலில் 65 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்), அதன் நுனியில் ஒரு பாகம், அதாவது ஆறடி நீளத்துக்கு 40 பவுண்டு தங்கூஸ் (நைலான் நரம்பு). முனையில் வேண்டுமென்றேதான் வலுக் குறைந்த நரம்பு போடுகிறேன். ஜிக் பாறையில் மாட்டி இழுக்கும்போது அறுந்தால் கடைசி ஆறடியில் அறும். பிரெய்டு நடுவில் அறுந்து நூறடி நூல் கடலுக்கடியில் பாறையைச் சுற்றிக் கிடக்காது. அங்கே கிடக்கிற ஒவ்வொரு நூலும் மீனுக்கும் நண்டுக்கும் எமன். மாட்டியதை ராடால் (தூண்டில் கழியால்) வளைத்து இழுக்காதீர்கள், ராடுதான் உடையும். படகு தாண்டிப் போனதும் எதிர்ப்பக்கத்திலிருந்து நூலைத் தளர்த்தி வெடுக்கென்று விட்டுப் பாருங்கள், பாதி நேரம் கழன்றுவிடும்.

ஹாஃப் மூன் பேயின் பில்லர் பாயிண்ட் துறைமுகத்திலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். என் மனைவியின் தம்பி கூட வந்திருந்தான், கடல் மீன்பிடிப்பு அவனுக்குப் புதுசு. பலர் சேர்ந்து போகிற பார்ட்டி போட். லைசென்ஸ் இல்லாமல் படகில் தூண்டில் போட முடியாது என்பதால் அவனுக்கு ஒருநாள் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். வாந்தி மாத்திரையை முதல் நாள் இரவே ஒன்று, காலையில் ஒன்று என்று போடவைத்தேன். படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் அது வேலை செய்யாது. தெற்கே பிட்ஜன் பாயிண்ட் கலங்கரை விளக்கம் தெரிகிற பக்கம் போய், 15 முதல் 20 பாகம் ஆழத்தில் படகை ஓடவிட்டார் கேப்டன். நங்கூரம் போடுவதில்லை, காற்றும் நீரோட்டமும் கொண்டுபோகிற போக்கில் படகு பாறைத்திட்டைக் கடந்துபோகும். திட்டு முடிந்ததும் எல்லோரும் நூலைச் சுற்றிக்கொள்ள, படகு திரும்ப மேலே போகும்.

நீரோட்டம் அடங்கி, வற்றமும் ஏற்றமும் மாறுகிற அந்த அரைமணி முக்கால்மணி நேரம்தான் நல்ல நேரம். அப்போது நூல் செங்குத்தாக இறங்கும். 6 அவுன்ஸ் போதும். நீரோட்டம் இருக்கும்போது நூல் சாய்ந்துகொண்டு போவதால் 8 அவுன்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. ஈயம் தரையைத் தொட்டதும் நூல் தளரும். உடனே இரண்டு சுற்று சுற்றிக்கொள். அப்புறம் ராடை மெதுவாக ஓரடி தூக்கு, மெதுவாக இறக்கு. தரை உயர உயரச் சுற்று, தாழத் தாழ விடு. இதைத்தான் அவனுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, பாறையைத் தொட்டுக்கொண்டே நடக்கிற மாதிரி ஜிக்கை நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

கடி வந்தால் தட்டுகிற மாதிரி இருக்காது. ஜிக் இறங்கும்போது பாதியிலேயே நின்றுபோகும், இல்லையென்றால் திடீரென்று கனக்கும். பாறையா மீனா என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. நூலைச் சுற்றி இறுக்கி, ராடை நேராக மேலே தூக்கி, முதல் பத்துப் பதினைந்து சுற்றை நிறுத்தாமல் சுற்ற வேண்டும். லிங்காட்டுக்குத் தெரிந்த ஒரே தந்திரம் தன் பொந்துக்குள் திரும்பிப் போவது. பத்தடி மேலே தூக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, அதாவது டிராகை, ஆரம்பத்திலேயே இறுக்கி வைத்துக்கொள்கிறேன். நூலைக் கையில் சுற்றி இழுத்தால் கஷ்டப்பட்டுத்தான் வர வேண்டும், அந்த அளவுக்கு.

அவனுக்கு மாட்டிய முதல் மீன் இதிலேயே பாடம் நடத்தியது. முதலில் தட்டுத்தட்டென்று ராக்ஃபிஷ். பாதி மேலே வந்ததும் ராடு அப்படியே கீழே வளைந்தது.

"மாமா, பாறையில மாட்டிக்கிச்சு."

"நடுத்தண்ணியில பாறை எங்கேர்ந்து வரும் மாப்ள? வெட்டி இழுக்காதே, ஒரே சீரா சுத்து."

லிங்காட்டுக்குக் கொக்கியே மாட்டியிருக்காது. வாயில் கவ்விய ராக்ஃபிஷை விடாமல் அதனோடு சேர்ந்து மேலே வரும். தலை தண்ணீருக்கு வெளியே வந்த மறுநொடி வாயைத் திறந்துவிடும். அதனால் ராடால் தூக்கக்கூடாது. மேற்பரப்புக்கு இரண்டடி கீழே அது தெரியும்போதே அதற்கு அடியில் வலையைக் கொண்டுபோக வேண்டும். டெக்ஹேண்டுக்கு (படகு உதவியாளருக்கு) முன்கூட்டியே குரல் கொடுத்துவிட்டால் அவர் வலையோடு காத்திருப்பார். அன்று அவர் குனிந்து, முழங்கை முங்கும் அளவுக்கு வலையை இறக்கி, வாலிலிருந்து தலைவரை ஒரே வாரில் அள்ளினார். சிவப்பு ராக்ஃபிஷின் நடுவயிற்றில் குறுக்காகக் கவ்வியபடியே லிங்காட் படகில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகும் விடவில்லை, இடுக்கியால் வாயைப் பிளந்துதான் பிரித்தோம்.

அந்த வாயைக் கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும். முன்னால் நாய்ப்பல் மாதிரி நீளமாகச் சில, அவற்றுக்கு இடையிடையே ஊசி ஊசியாக நூற்றுக்கணக்கில். மேல் அண்ணத்தில் ஒரு வரிசை, தொண்டைக்குள் இன்னொரு தொகுதி. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 லிங்காட்டுகளைத் தொட்டியில் வைத்து, பற்களுக்கு முதலில் சிவப்புச் சாயமும் சில நாள் கழித்துப் பச்சைச் சாயமும் ஏற்றி எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு சாயமும் ஏறியிருந்தால் பழைய பல், பச்சை மட்டும் என்றால் புதுப் பல். ஒரு மீனுக்குச் சுமார் 555 பல், அதில் நாளுக்கு ஏறத்தாழ 20 விழுந்து புதிதாக முளைக்கிறது என்று 2021-ல் வெளியிட்டார்கள். அதனால் இந்த மீனின் பல் எப்போதும் புத்தம்புது ஊசிதான். வாய்க்குள் கை கூடாது. அதைவிட முக்கியம், செவுளுக்குள் கை கூடாது. மற்ற மீன்களைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கிப் பழகியவர்கள் இதில் ரத்தம் பார்ப்பார்கள், செவுளின் உட்புறமும் முள்தான். கீழ்த்தாடையைப் பிடிக்கிற கிரிப்பர் ஒன்று பத்து இருபது டாலருக்குக் கிடைக்கும், கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது. கலிஃபோர்னியாவில் 22 அங்குலத்துக்குக் குறைந்த லிங்காட்டை விட்டுவிட வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான். வாஷிங்டன் மாநிலத்தின் புஜெட் சவுண்ட் என்ற கடற்கழியில் இன்னும் கெடுபிடி: மே 1 முதல் ஜூன் 15 வரை மட்டும், 26-க்கும் 36-க்கும் இடைப்பட்ட அங்குலத்தில் ஒன்றே ஒன்று. சீசனும் ஆழக் கட்டுப்பாடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சில சமயம் ஆண்டு நடுவிலேயே மாறும். கிளம்பும் முதல் நாள் இரவு மீன்வளத் துறையின் தளத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். இந்த விதிகள் சும்மா வந்ததில்லை. 1990-களில் அளவுக்கு மீறிப் பிடித்ததால் மேற்குக் கரையில் லிங்காட் குறைந்துபோய், 1999-ல் அதை மிகைப்பிடிப்புக்கு ஆளான இனம் என்று அறிவித்தார்கள். கட்டுப்பாடுகள் வந்த பிறகு நினைத்ததைவிடச் சீக்கிரம் மீண்டு, 2005-ல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. பிடித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டதன் பலன் அது.

சட்டம் அனுமதித்தாலும் மூன்றடிக்கு மேல் உள்ளதை நான் எடுப்பதில்லை. லிங்காட்டில் ஆண் சிறிசு, பெரும்பாலும் மூன்றடியை எட்டாது. அதற்கு மேல் போவதெல்லாம் பெண். பெரிய பெண் மீன் ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். குளிர்காலத்தில் பாறை இடுக்கில் அது முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விட, ஆண் அங்கேயே வாரக்கணக்கில் காவல் கிடக்கும். காவல் ஆணைத் தூக்கிவிட்டால் முட்டை மற்ற மீன்களுக்கு விருந்து. ஆண்டின் முதல் மாதங்களில் படகு மீன்பிடிப்பை மூடுவதால் அந்தக் காவலுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. பெரிய மீனை விட இன்னொரு காரணமும் உண்டு. வயதான கொன்றுண்ணி மீனில் பாதரசம் அதிகம் சேரும். சதையும் முரடு. 24-லிருந்து 28 அங்குலம் வரை உள்ளதுதான் வாய்க்கு ருசி. அன்று மச்சானுக்கு அடுத்ததாக வந்தது மூன்றரை அடி இருக்கும். வலையிலேயே தண்ணீரோடு வைத்து, கொக்கியைக் கழற்றி, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து ஒரு படம் எடுத்ததும் விட்டோம். வாலை ஒரு அடி அடித்துவிட்டு நேராகக் கீழே போய்விட்டது. ராக்ஃபிஷுக்கு இது முடியாது, அதை ஆழத்துக்கு இறக்கிவிட எடை கட்டிய கருவி வேண்டும். லிங்காட்டுக்கு எதுவும் வேண்டாம். இவ்வளவு எளிதாக உயிரோடு திருப்பியனுப்ப முடிகிற மீனில் பெரிய தாயைப் பெட்டிக்குள் போட எனக்கு மனசு வராது. பக்கத்தில் நின்றவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள், பார்க்கட்டும்.

வைத்துக்கொள்கிற மீனுக்கு இனிமேல்தான் முக்கியமான வேலை. தலையில் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் கட்டையால் பலமாக ஒரே அடி. மயங்கியதும் கத்தியைச் செவுள் மூடிக்குள் விட்டு, இரண்டு பக்கமும் செவுள் வளைவுகளை அறுத்துவிட்டு, கடல்தண்ணீர் நிரம்பிய வாளியில் தலைகீழாக வைக்க வேண்டும். இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருப்பதால் ரத்தத்தை அதுவே வெளியே தள்ளும். ஐந்து பத்து நிமிஷத்தில் வாளித் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிவிடும். ரத்தம் சதையில் தங்கினால்தான் அந்த "வாடை வேற". படகில் எத்தனையோ பேர் மீனைச் சாக்குப்பையில் போட்டு வெயிலில் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க ஓடுகிறார்கள். சாயங்காலம் அதே மீனை அறுத்தால் சதை இளஞ்சிவப்பாக, தொட்டால் குழைகிறது. பிறகு மீன் சரியில்லை என்கிறார்கள்.

ரத்தம் வடிந்ததும் ஐஸ் பெட்டிக்கு. வெறும் ஐஸ்மேல் வைத்தால் தொட்ட இடம் மட்டும்தான் குளிரும். ஐஸோடு கடல்தண்ணீரைக் கலந்து கூழாக்கி அதற்குள் முழுக வைத்தால் மீன் எல்லாப் பக்கமும் ஒரே சீராக, வேகமாகக் குளிரும். உப்புத் தண்ணீர் என்பதால் பூஜ்யத்துக்கும் கொஞ்சம் கீழேயே போகும். குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், சதை ஊறிப்போகும். மச்சான் கேட்டான், இவ்வளவு ஐஸ் எதற்கு என்று. மீன் எடைக்கு ஐஸ் எடை, அதுதான் கணக்கு. கரைக்கு வந்ததும் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய ரத்தக் கோட்டைக் கரண்டி முனையால் சுரண்டிக் கழுவினோம்.

வீட்டில் உடனே வெட்டவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ்மேல் தட்டு வைத்து, மூடி, ஒருநாள் விட்டேன். செத்தவுடன் விறைத்த சதையை வெட்டினால் துண்டு சுருங்கும், வெந்ததும் ரப்பராக இருக்கும். மறுநாள் விறைப்பு இளகியதும் கத்தி எலும்பை ஒட்டி அழகாக ஓடும். செவுளுக்குப் பின்னால் ஒரு சாய்வு வெட்டு, முதுகெலும்பு வரை. அப்புறம் முதுகுத் துடுப்பின் ஓரமாகத் தலையிலிருந்து வால்வரை நீளமாக மெல்ல மெல்லக் கீறிக்கொண்டே போய்ச் சதையைப் பிரித்தேன். துண்டின் முன்பாதியில் நடுக்கோட்டை ஒட்டி ஒரு வரிசை சின்ன முள் இருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். இடுக்கியால் பிடுங்கினால் சதை பிய்ந்து வரும், அதற்கு இருபக்கமும் கத்தியால் ஒடுக்கமாக ஒரு வெட்டுப் போட்டு அந்தப் பட்டையையே எடுத்துவிடுவது நல்லது. பட்டை குழம்புக்கு ஆகும். தோலைத் தட்டில் ஒட்டவைத்து, கத்தியைப் படுக்கையாக ஓட்டி உரித்தேன்.

தோல் போனதும் மச்சான் அதிர்ந்துபோனான். இரண்டில் ஒரு மீனின் சதை நீலம். லேசாக இல்லை, மயில்கழுத்து நிறம். வாய்க்குள்ளும் அதே நிறம். லிங்காட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படி இருக்கும். பித்தத்தில் இருக்கிற பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி சதையில் கலந்திருப்பதால் வருகிற நிறம் அது. சிலவற்றில் மட்டும் ஏன் இவ்வளவு சேர்கிறது என்பது ஆய்வாளர்களுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. கெட்டுப்போனதோ, நோயோ, தூக்கிப்போட வேண்டியதோ இல்லை. சூடு பட்டதும் ஓரத்திலிருந்து நிறம் கரைந்து, இரண்டே நிமிஷத்தில் மற்ற மீனைப் போலவே பால்வெள்ளை ஆகிவிடும். ருசியில் வித்தியாசம் இல்லை. முதல்தடவை பார்க்கிறவர்களை அடுப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிற்கவையுங்கள், பார்க்க வேண்டிய காட்சி.

துண்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் புழு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். கடலில் பாறையடி வாழும் மீன்களில் இது சகஜம், ஒன்றிரண்டு இருந்தால் கத்திமுனையால் எடுத்துவிட்டு, உள்வரை நன்றாக வேகவைத்தால் பயமில்லை. பச்சையாகச் சாப்பிடுவதற்கு மட்டும் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்த பிறகுதான். வீட்டு ஃப்ரீஸர் எல்லாம் அந்த அளவுக்குப் போகாது, ஆகவே பச்சையை நான் தொடுவதில்லை.

வறுவலுக்கு முதுகுப் பக்கத்துத் தடித்த சதை. லிங்காட்டில் கொழுப்பு குறைவு, சதை கெட்டி, நம்மூர் கலவா மாதிரி பெரிய பெரிய அடுக்காகப் பிரியும். கொழுப்பில்லாத மீனை எலுமிச்சையில் மணிக்கணக்கில் ஊறவைத்தால் புளிப்பிலேயே வெந்து சுண்ணாம்பாகிவிடும். அதனால் முதலில் வெறும் உப்பு தடவி அரைமணி, வெளியே கசிகிற தண்ணீரைத் துணியால் ஒற்றியெடு. பிறகு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இடித்த பூண்டும் சோம்பும், கொஞ்சம் அரிசிமாவு, எண்ணெய் விட்டுப் பிசைந்து பத்து நிமிஷம். இரும்புக் கல்லில் புகை வருகிற சூட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம், திருப்பிப் போட்டு இரண்டு. எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிந்துகொள்ளுங்கள். இங்கே ஊர்க்காரர்கள் மாவில் முக்கிப் பொரித்துச் சீவல் உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். மேற்குக் கரையில் அதற்கு இந்த மீனுக்கு நல்ல மரியாதை. குழந்தைகளுக்காக அதையும் செய்தேன். மைதாவும் அரிசிமாவும் பாதிப்பாதி, பிரிட்ஜில் வைத்த சோடா விட்டுக் கரைத்து, 180 டிகிரி எண்ணெயில் போட்டால் மொறுமொறு.

எனக்குப் பிடித்தது குழம்புதான், அதற்குத் தலையும் காலரும். காலர் என்பது செவுளுக்குப் பின்னால் நெஞ்சுத்துடுப்போடு வருகிற பகுதி, எலும்போடு கொழுப்பும் இருக்கிற ஒரே இடம். பெரும்பாலானவர்கள் இதைத் துறைமுகத்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள், பார்த்தாலே வயிறு எரிகிறது. தலையைப் பிளந்து, செவுளை முழுசாக எடுத்து, கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் வழவழப்பு போய்விடும். கன்னத்துச் சதையைத் தனியாக எடுக்காமல் அப்படியே விட்டேன். நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. குழம்பு மிளகாய்த்தூள், கெட்டிப் புளிக்கரைசல். மீனில் கொழுப்பில்லாததால் எண்ணெய் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட. எண்ணெய் பிரிந்து வரும்வரை கொதிக்கவிட்டு, தலையும் காலரும் முதலில், ஐந்து நிமிஷம் கழித்து முள்பட்டைகளும் வால்துண்டும். கடைசியில் அரைத்த தேங்காய் கொஞ்சம். கரண்டி போட்டுக் கிளறக்கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று. மறுநாள் காலை இட்லிக்கு அந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருந்தது.

மீந்த சதையை ஒருவேளைக்கு ஆகிற அளவு துண்டாக்கி, ஈரம் ஒற்றி, காற்றை உறிஞ்சும் பையில் அடைத்து, தேதி எழுதி உறையவைத்திருக்கிறேன். வெளியே எடுத்தால் பையை அறுத்துவிட்டு, தட்டில் வைத்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க இளகவிடுங்கள். சுடுதண்ணீரில் போட்டு அவசரப்படுத்தினால் அதுவரை பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் தண்ணீராக வடிந்துவிடும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் தாங்காது. மச்சான் இப்போதே அடுத்த படகுக்கு இடம் போட்டுவிட்டான், 8 அவுன்ஸ் தலைகள் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும்.